கோடையைச் சார்ட்டில் தேடாதீர்கள், வாசலுக்கு வாருங்கள்

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிகிற வேப்பமரம் எங்கள் அங்கன்வாடி வாசலில் நிற்பது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லை, நிதானமாகப் பேசலாம். மணி ஒன்பதரைதான் ஆகிறது, அதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பங்குனி முடியப் போகிறதே!

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கோடைகாலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நிறைய அம்மாக்களும் டீச்சர்களும் கேட்டிருந்தீர்கள். கடையில் கிடைக்கிற சார்ட்டைப் பார்த்திருப்பீர்கள். கோடை என்றால் கடற்கரை, கறுப்புக் கண்ணாடி, ஐஸ்கிரீம், பெரிய குடை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதே பிள்ளையை மாந்தோப்புக்குள் விட்டுப் பாருங்கள், எது பிஞ்சு, எது காய், எது வெம்பி விழுந்தது என்று நமக்கே பாடம் எடுக்கும். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் கோடை வாசலிலேயே வந்து நிற்கிறது. அதைக் காட்டினால் போதும்.

இதோ, கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். இந்தக் கொழுந்தைப் பாருங்கள், செம்பு நிறத்தில் மினுமினுவென்று இருக்கிறது. மாசியில் இந்த மரம் பழுத்த இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. வெயில் ஏற ஏறத் துளிர்விட்டு, இப்போது பூவும் வைத்துவிட்டது. ஒரு பூவை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைக்கிறேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை நிறம், ஐந்து இதழ், நடுவில் சின்னக் குழாய் மாதிரி நிற்கிறது. பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு பூ கொடுங்கள். ஐந்து இதழுக்கு ஐந்து விரல், எண்ணுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், தேன் வாசனை அடிக்கும். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், யுகாதிப் பச்சடியில் போட்டது இதுதான் என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

பெரியவர்களே பலர் கோடை என்றால் காய்ந்து கருகுகிற காலம் என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிவிடுகிறோம். புங்க மரத்தைப் பாருங்கள், இந்த வெயிலில்தான் இளம்பச்சையாகத் துளிர்க்கிறது. சித்திரையில் அதன் பூ உதிர்ந்து தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். மாவில் தை மாதம் பார்த்த பூ இப்போது காயாகிவிட்டது. பெங்களூரா மாங்காயைக் கையில் கொடுத்து, நுனியைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கிளிமூக்கு என்று ஏன் சொல்கிறோம் என்பது விரலுக்கே தெரியும். மரங்கள் துளிர்த்துப் பூத்துக் காய்க்கிற காலம்தான் நமக்குக் கோடை. பிள்ளைகள் மனதில் இது பதிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்புறம் புளி. இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு, நார், கொட்டை, சுளை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டலாம். கொட்டையை மட்டும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகளோடும் நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள்.

குயில் சத்தம் கேட்கிறதா? கொஞ்சம் சும்மா இருக்கிறேன், கேளுங்கள்.

கூவுவது ஆண் குயில். உடம்பு முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். காக்கை கூடு கட்டுகிற காலம் பார்த்து, அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இதைக் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். “அப்போ காக்கா அம்மாவா, குயில் அம்மாவா?” என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள், அவர்களையே பேச விடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு நிழல் விளையாட்டு. காலை ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளையை நிற்க வைத்து நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பாதம் இருந்த இடத்தையும் வரைந்துகொள்ளுங்கள். பதினொரு மணிக்கு அதே இடத்தில் நிற்க வைத்து மறுபடி வரையுங்கள். நிழல் குட்டையாகியிருக்கும், இடமும் மாறியிருக்கும். வேறு எதுவும் விளக்க வேண்டாம்.

நம் ஊருக்கு இன்னொரு கொடுப்பினை இருக்கிறது. ஏப்ரல் 22, 23 தேதி வாக்கில் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். தருமபுரியில் 22, கிருஷ்ணகிரியில் 23 என்று வைத்துக்கொள்ளலாம். பகல் 12:15 மணி அளவில் ஒரு தண்ணீர் பாட்டிலைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். பக்கவாட்டில் நிழலே விழாது. நிழலில்லா நாள் என்பது இதுதான். ஆகஸ்டில் இன்னொரு முறை வரும். டெல்லிப் பிள்ளைகளுக்கு இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, சூரியன் அவ்வளவு வடக்கே வருவதே இல்லை. பிள்ளைகளை இரண்டே நிமிடம் தொப்பியோடு வெளியே கூட்டி வந்து, “உன் நிழல் எங்கே போச்சு?” என்று கேளுங்கள். தேடுவார்கள், சுற்றிச் சுற்றி வருவார்கள், கடைசியில் யாராவது ஒருவர் காலைத் தூக்கிப் பார்ப்பார். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை. சூரியன் கிட்ட வருவதால் வெயில் அடிக்கிறது என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், அதாவது நாம் குளிரில் நடுங்குகிற மார்கழியில். வெயில் சாய்வாக விழாமல் தலைக்கு மேலே நேராக விழுவதும், பகல் நீளுவதும்தான் சூட்டுக்குக் காரணம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது தேவையில்லை. ஆனால் தப்பாகச் சொன்னது பத்தாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதையும் செய்து காட்டுவது சுலபம். பிள்ளையின் புறங்கையில் ஈரத் துணியால் தடவிவிட்டு ஊதச் சொல்லுங்கள். ஜில்லென்று இருக்கும். பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் அங்கேயும் ஈரம் கசிந்திருக்கும். அந்த ஈரம் காய்கிறபோது சூட்டையும் கொண்டுபோகிறது, அதனால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது.

வெளியே கூட்டிப் போவதைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். நிழல் பார்க்கும்போது மட்டும் ஓரிரு நிமிடம் எட்டிப் பார்த்தால் போதும். காலில் செருப்பு, கையில் தண்ணீர் பாட்டில், மெல்லிய பருத்தித் துணி. சிறு பிள்ளைகள் உடம்பு நம் உடம்பை விட வேகமாகச் சூடாகும், தாகம் என்று சொல்லவும் தெரியாது. அதனால் நீங்களே அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். பிள்ளை திடீரென்று சோர்ந்தாலோ, காரணமில்லாமல் சிணுங்கினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும், அப்போது பிள்ளைகளை வெளியே விட மனசு வராது. அதனால் இதையெல்லாம் ஏப்ரல் மாதத்துக்குள் செய்துவிடுங்கள். 22, 23 தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.