மெழுகில் பதிந்த மெட்டுகள்

வணக்கம் நேயர்களே.

இலங்கை மலையகத்து நாட்டார் பாடல் என்றதும் சி. வி. வேலுப்பிள்ளை நினைவுக்கு வருவார். தோட்டத்து மக்கள் பாடியவற்றைத் தேடித் தொகுத்து எழுதி வைத்தவர் அவர். சொற்கள் தப்பின. ஆனால் அவற்றை எந்த மெட்டில் பாடினார்கள், எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்பதெல்லாம் அச்செழுத்தில் ஏறாது. அதை ஏற்றுவதற்காகவே பாதி வாழ்நாளைக் கொடுத்தவர் ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக்.

1881இல் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பன் போய்விட்டார், தாய்தான் பியானோ சொல்லிக்கொடுத்தார். அவர் புடாபெஸ்ட்டில் படித்த காலத்தில், 'ஹங்கேரிய இசை' என்றால் நகரத்து உணவகங்களில் ரோமா (ஜிப்சி) இனத்தவரின் வாத்தியக் குழுக்கள் வாசித்ததுதான். அதில் பெரும்பகுதி முந்தைய சில தலைமுறைகளில் படித்தவர்கள் இயற்றியது. 1904 கோடையில், பிள்ளை பராமரிக்க வந்திருந்த லிடி டோசா என்ற திரான்சில்வேனியப் பெண் பாடியது அவர் காதில் விழுந்தது. அதுவரை கேட்டிராத மெட்டு. இசைக் கல்லூரியில் யாரும் காட்டாததை ஒரு பணிப்பெண் காட்டினார். 1906இல் நண்பர் சோல்டான் கோடாயுடன் சேர்ந்து 20 பாடல்களை வெளியிட்டார்.

அதன் பிறகு எடிசனின் போனோகிராப்பைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். பாடுபவர் குழலுக்குள் வாயை வைத்தாற்போலப் பாட வேண்டும். குரலின் அதிர்வை ஊசி மெழுகு உருளையில் கீறும். ஓர் உருளை சில நிமிடங்களே ஓடும், ஆகவே முதல் அடிகளைப் பதிந்துவிட்டு மீதியைக் கையால் எழுதினார். மெழுகு மென்மையானது. ஒவ்வொரு முறை போட்டுக் கேட்கும்போதும் ஊசி கீறலைத் தேய்க்கும், மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக அழியும்.

1907இல் திரான்சில்வேனியாவில் ஹங்கேரி மொழி பேசும் செக்கேய் மக்களிடையே பழைய பாட்டுகளைத் தேடினார். பழைய பாட்டைக் கேட்டால் சமீபத்துப் பாட்டையும் தேவாலயப் பாட்டையும் பாடிக் காட்டினார்கள் என்று கடிதம் எழுதியிருக்கிறார். நம் தோட்டங்களில் சினிமாப் பாட்டு முன்னால் வந்து நிற்பது போலத்தான். பொறுமையாகக் கேட்டதில் ஐந்து சுரத்துப் பழைய மெட்டுகள் கிடைத்தன: ச க ம ப நி. நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களே அவை. பல பாடல்களில் முதல் பாதி மேலே ஒலித்து, இரண்டாம் பாதியில் அதே மெட்டு ஐந்து சுரம் கீழே இறங்கி வரும்.

எழுதும் முறைதான் முக்கியம். வெவ்வேறு சுருதியில் பாடிய பாடல்களையெல்லாம் ஒரே சுரத்தில் முடியுமாறு மாற்றி எழுதினார். அப்போதுதான் இரண்டு ஊர்ப் பாடல்கள் ஒன்றா, வேறா என்று ஒப்பிட முடியும். ஒவ்வோர் அடியும் எந்தச் சுரத்தில் நிற்கிறது, எத்தனை அசை என்றும் குறித்தார். மெட்டின் எலும்பைப் பெரிய எழுத்திலும் குரலின் நெளிவுகளைச் சிறிய எழுத்திலும் தந்தார். தாளத்தையும் இரண்டாகப் பிரித்தார்: பேச்சைப் போல நீண்டு சுருங்குவது ஒன்று, ஆட்டத்துக்குரிய சீரான தாளம் மற்றது. நம் தாலாட்டும் ஒப்பாரியும் முதல் வகை, கும்மி இரண்டாவது. தாலாட்டை ஆதி தாளத்துக்குள் அடைத்து எழுதுபவர் அதைக் கெடுக்கிறார் என்பதே என் கருத்து.

கேட்டதைத் தன் படைப்பில் மூன்று வழிகளில் பயன்படுத்தினார். மெட்டை அப்படியே வைத்துத் துணையிசை சேர்ப்பது ஒன்று. 1915இல் எழுதிய ஆறு ருமேனிய நடனங்கள் அந்த வகை. அந்த மாதிரியில் தானே ஒரு மெட்டை இயற்றுவது அடுத்தது. மூன்றாவதில் எந்த மெட்டும் இல்லாமல், தாய்மொழி பேசுவது போல அந்த இசை இயல்பாக வரும். அவருடைய பெரிய படைப்புகள் அங்கேதான் நிற்கின்றன. 1940இல் நாட்டைவிட்டு அமெரிக்கா போனார். அங்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தென் ஸ்லாவியப் பாடல் பதிவுகளைக் கேட்டுச் சுரமாக எழுதினார். 1945இல் நியூயோர்க்கில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

நம் கையில் மெழுகு இல்லை, கைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம். அது பேச்சுக்காக ஒலியைச் சுருக்கும், இழுத்துப் பாடும் இடத்தில் நுணுக்கம் போய்விடும். வேவ் (WAV) வடிவில் பதியுங்கள். இரட்டை ஒலித்தடமானால் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் ஆகும். வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தப்புப் பறை அடித்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள், இல்லாவிட்டால் ஒலி வெடிக்கும். மழை நாளில் தகரக் கூரையின் கீழ் எதுவும் கேட்காது. பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) தொலைக்காட்சி ஓடினாலும் அதே கதிதான்.

பாட்டுக்கு முன்னால் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), நாள் மூன்றையும் சொல்லிப் பதியுங்கள். கூடச் சேர்ந்து பாட வேண்டாம், 'நல்லாப் பாடுங்க' என்று சொல்லவும் வேண்டாம். சொன்னால் மேடைக் குரல் வந்துவிடும். ஒரே பாட்டை இரண்டு தடவை பாடச் சொல்லுங்கள். இரண்டிலும் மாறாதது மெட்டு, மாறுவது பாடுபவரின் கைவண்ணம். ஒப்பாரியை வீட்டுக்குள் பாட ஆச்சிமார் தயங்குவார்கள். வற்புறுத்தாமல், அவர்களுக்குச் சரியென்று படும் இடத்தில் கேளுங்கள். தாலாட்டுக்கு மடியில் ஒரு பிள்ளை இருக்கட்டும். ஆட்டும் கைதான் அந்தப் பாட்டின் காலத்தை வைத்திருக்கிறது. பிள்ளை இல்லாமல் பாடினால் அடிகள் அவசரமாக ஓடிவிடும்.