மலைக்குளிரில் ஒஸ்கார் வளர்ப்பவர்களுக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மலையகத்தில் சிக்லிட் குடும்பத்துப் பெரிய மீன்களை வளர்க்கும் வீடுகளுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஒஸ்கார், ஃபிளவர்ஹோர்ன் என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். கடையில் வாங்கும்போது ஒஸ்கார் குஞ்சு இரண்டு விரல் நீளம்தான் இருக்கும். பொலித்தீன் பையில் கட்டித் தருவார்கள், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்துவிடலாம். நன்றாகத் தின்றால் ஒரு வருடத்தில் அது ஒரு சாணை எட்டும், பிறகு ஓர் அடிக்கு வளரும். பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆகவே தொட்டியை முதலில் யோசியுங்கள், மீனைப் பிறகு வாங்கலாம்.

ஒரே ஒரு ஒஸ்காருக்கு நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம் வேண்டும். அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஓர் அடி மீன் திரும்ப வேண்டுமே. அந்தத் தொட்டி கிட்டத்தட்ட 340 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் பாரமே 340 கிலோ. மேசை தாங்காது. தரை சமமாயுள்ள இடத்தில் சீமெந்துக் கல் அடுக்கி வையுங்கள்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது குளிரைப் பற்றி. ஒஸ்காரின் ஊர் அமேசன் ஆற்றுப் பக்கம். 24 முதல் 28 பாகை வரை சூடுள்ள தண்ணீரில்தான் அது நன்றாயிருக்கும். 13 பாகைக்கு இறங்கினால் உயிர் தங்காது. நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகைதான். தை, மாசியில் விடியும்போது புல்லில் துகள் பனி படிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். கொழும்பில் இருப்பவர் ஹீட்டர் இல்லாமலே வளர்க்கலாம். அவர் சொல்வதைக் கேட்டு நாமும் அப்படியே வளர்க்க முடியாது.

ஹட்டனில் ஒரு சலூன். நான் முடி வெட்டப் போகும் இடம். நாற்காலிக்குப் பின்னால் தொட்டி, எதிரே பெரிய கண்ணாடி. உள்ளே இருந்த ஒஸ்காருக்குக் கண்ணாடியில் தன் உருவம் தெரியும்போதெல்லாம் செவுளை விரித்துக்கொண்டு முட்ட வரும். கடைக்காரரை நன்றாகவே அடையாளம் தெரியும். அவர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டதும் மேலே வந்து வாயைத் திறக்கும். ஒரு தை மாதக் காலையில் நான் போனபோது அது தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. உடம்பின் செம்மஞ்சள் புள்ளிகள் மங்கிக் கிடந்தன. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. வெப்பமானி 15 காட்டியது. இரவு கரண்ட் போயிருக்கிறது.

கேத்தில் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடலாமா என்று அவர் கேட்டார். கூடவே கூடாது அண்ணே என்றேன். பிளாஸ்டிக் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தொட்டியில் மிதக்க விட்டோம். ஆறிய போத்தலை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது. மணிக்கு ஒரு பாகை ஏறினால் போதும், அவசரப்பட்டால் மீனுக்கு அதிர்ச்சி. முடி வெட்ட வந்த ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு போத்தலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பொழுது சாய்கையில் மீன் நிமிர்ந்தது. அன்றும் மறுநாளும் தீனி போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குளிர்ந்த வயிற்றில் உணவு செரிக்காமல் கிடந்து அழுகும்.

ஆகவே, முதலில் வெப்பமானி வாங்குங்கள். காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள். ஹீட்டர் ஒன்றை நம்பாதீர்கள், இரண்டு போடுங்கள். நான் சொன்ன தொட்டிக்கு 200 வொட் ஹீட்டர் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு காப்பாற்றும். ஒஸ்கார் வாலால் அடித்தே ஹீட்டரின் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடும் என்பதால், ஓட்டைகள் போட்ட பீவீசீ குழாய்க்குள் அதை வையுங்கள். தொட்டியின் அடியிலும் பின்புறமும் இரு பக்கமும் ரெஜிபோம் பலகை ஒட்டுங்கள். மேலே மூடி கட்டாயம். சூடும் போகாது, மீனும் பாயாது. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்படி மூடிக் கட்டியிருந்தால் தொட்டியின் சூடு எவ்வளவோ மெதுவாகத்தான் இறங்கும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், காலையில் எழுந்ததும் வெப்பமானி.

தண்ணீர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பீலித் தண்ணீர் மென்மையானது, அதாவது உப்புச்சத்துக் குறைந்தது, தென்னமெரிக்க மீன்களுக்கு ஏற்றது. ஆபிரிக்க மலாவி ஏரிச் சிக்லிட்டுகளுக்கு அது ஆகாது, அவற்றுக்குக் கடினத் தண்ணீர் வேண்டும். ஆனால் தேயிலை மலைக்குக் கீழே இருந்து தண்ணீர் எடுக்கிறவர்கள் கவனமாயிருங்கள். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள். மென்மையான தண்ணீரில் செம்பு மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சு. மருந்தடித்த பிறகு பெய்யும் மழையில் ஓடிவரும் தண்ணீரைத் தொடவே வேண்டாம். கிழமைக்கு ஒரு தடவை தொட்டியில் கால்பங்கை மாற்றுங்கள். புதுத் தண்ணீரை வாளியிலேயே சுடுதண்ணீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தும் விட வேண்டும். மாற்றும்போது ஹீட்டரை நிறுத்திவிடுங்கள், காற்றுப்பட்டால் வெடிக்கும்.

அப்புறம் தீனி. கடையில் விற்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீனிதான் அன்றாடச் சாப்பாடு. குஞ்சுக்கு நாளுக்கு இரண்டு வேளை, வளர்ந்ததுக்கு ஒரு வேளை, கிழமையில் ஒரு நாள் பட்டினி. இடையில் தோல் உரித்த இறால், மண்புழு கொடுக்கலாம். மண்புழுவை மருந்தடித்த மரக்கறித் தோட்டத்தில் தோண்டாமல், சமையல் கழிவு மக்கும் குழியில் எடுங்கள். மாட்டிதயம் வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. உயிர்மீனைப் போட்டு வேடிக்கை பார்ப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். கடைக் குஞ்சுகளோடு நோயும் சேர்ந்து வரும். கெஞ்சுகிற மீனுக்கெல்லாம் தீனி போட்டுக்கொண்டிருந்தால் தண்ணீரில் அமோனியா என்ற நஞ்சு ஏறும். அழுக்குத் தண்ணீரில் கிடக்கும் ஒஸ்காருக்குத் தலையில் குழி விழும். அந்த நோயைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. எந்த மீனோடு எதைச் சேர்க்கலாம் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், வாய்க்குள் போகிற அளவிலுள்ள எதையும் சேர்க்காதீர்கள். ஃபிளவர்ஹோர்னைத் தனியே வையுங்கள். வளர்க்க முடியாமல் போனால் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கோ காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கோ கொண்டுபோய் விடாதீர்கள். டேங்க் கிளீனர் மீன் இப்படி வந்துதான் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள், சில கடைகளில் எடுப்பார்கள். நன்றி, வணக்கம்.