கயிறில்லாப் பாறையேற்றம்: ஈர்ப்பு எது, ஆபத்து எது

நண்பர்களே, வணக்கம். பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களை முதலில் பிரித்துவிடுகிறேன். கை கால்களை மட்டுமே நம்பிப் பாறையில் ஏறுகிறோம், தவறினால் தாங்கிக்கொள்ள இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறோம் என்றால் அது ஃப்ரீ கிளைம்பிங். பாறையேறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். அந்தக் கயிறும் இல்லாமல் தனியாக ஏறுவதுதான் ஃப்ரீ சோலோ. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

பாறையேற்றக் கயிறு 9 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. விழும்போது அது நீண்டுகொடுத்து, விழுந்தவரின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. அது இல்லையென்றால் கணக்கு எளிது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட ஒரு வினாடி. அப்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். 20 மீட்டரிலிருந்து என்றால் இரண்டு வினாடி, மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். தலைக்கவசம் முக்கியமாக மேலிருந்து உருளும் கல்லுக்காகவும் சிறு மோதல்களுக்காகவும் செய்யப்பட்டது. இந்த வேகத்தில் முதுகெலும்பையும் உள்ளுறுப்புகளையும் அது காப்பாற்றாது. 30 மீட்டருக்கும் 900 மீட்டருக்கும் பார்வைக்குத்தான் வேறுபாடு, முடிவில் பெரும்பாலும் இல்லை.

இது தெரிந்தும் ஏன் ஏறுகிறார்கள்? பைத்தியக்காரத்தனம் என்று சொல்லித் தள்ளிவிடுவது தவறு. கயிற்றோடு ஏறுபவர் சில மீட்டருக்கு ஒருமுறை நின்றாக வேண்டும். ஒரு கையில் தொங்கிக்கொண்டே மறுகையால் கருவியைத் தேடி எடுத்து, விரிசலில் பொருத்தி, இழுத்துப் பார்த்து, கயிற்றை மாட்ட வேண்டும். இடுப்பில் பல கிலோ இரும்பும் அலுமினியமும் தொங்கும். மேலே போகப் போகக் கயிறு உராய்ந்து பின்னால் இழுக்கும். சோலோ ஏறுபவரிடம் இருப்பது ஒரு ஜோடி ஷூவும் இடுப்பில் விரல் வியர்வையை உறிஞ்சும் சாக் (சுண்ணத்தூள் போன்ற) பவுடர் பையும்தான். உடல் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாக மேலே போகிறது. மனம் கண்ணெதிரே உள்ள ஓரடிப் பாறைக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. அந்தக் கவனக்குவிப்பு பொய்யல்ல, அனுபவித்தவர்கள் அதை விட முடியாமல் தவிப்பதும் பொய்யல்ல. ஆனால் அந்த இன்பத்தின் பெரும்பகுதி நன்றாகத் தெரிந்த பாதையில் தடையின்றி நகர்வதிலிருந்து வருகிறது என்பது என் உறுதியான கருத்து. மேலே நங்கூரமிட்ட கயிற்றிலும் அது கிடைக்கும்.

உலகம் அறிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூன் 3 அன்று அமெரிக்கப் பாறையேற்ற வீரர் அலெக்ஸ் ஹானால்ட், அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள எல் கேப்பிட்டன் பாறையின் ஃப்ரீரைடர் பாதையைக் கயிறில்லாமல் ஏறினார். ஏறக்குறைய 3,000 அடி. 3 மணி 56 நிமிடம். கயிற்றுக் குழுக்களில் பெரும்பாலானவை அங்கே பல நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஏற்றத்தைப் படக்குழு எடுத்த காணொளியில் பார்ப்பவருக்குத் துணிச்சல் தெரியும். அதற்கு முன்பு அதே பாதையைக் கயிற்றில் திரும்பத் திரும்ப ஏறி, மேல்பகுதியில் தளர்ந்து கிடந்த கற்களை அகற்றி, ஒவ்வொரு அசைவையும் மனப்பாடமாக்கிய உழைப்பு தெரியாது. 'போல்டர் பிராப்ளம்' எனப்படும் மிகக் கடினமான இடத்தையே பாருங்கள். அங்கே கட்டைவிரலால் அழுத்தி நிற்க ஒரு சிறு விளிம்புதான் உண்டு. அதில் ஒரு கட்டைவிரலை எடுத்து மற்றதை வைக்க வேண்டும். பிறகு இடது காலை நீட்டி எதிர்ச்சுவரில் உதைத்து ஊன்ற வேண்டும். இந்த வரிசையில் ஒன்று பிசகினாலும் உடல் பாறையிலிருந்து கழன்றுவிடும். இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, 2016 இலையுதிர் காலத்தில் அவர் ஏறத் தொடங்கி, சரியாகப்படவில்லை என்று பாதியில் விட்டுத் திரும்பியதை. அன்றும் படக்குழு காத்திருந்தது.

2016இல் நடந்த மூளை ஸ்கேனில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி அவருக்குப் பெரிதாகத் தூண்டப்படவில்லை. உடனே 'பயமே இல்லாத மனிதர்' என்று எழுதிவிட்டார்கள். படங்களைக் காட்டி எடுத்த ஒரு ஸ்கேன், பாறையில் தொங்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்லாது. அது பிறவிக் குணமா பயிற்சியின் விளைவா என்றும் சொல்லாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், கடினமான இடத்தில் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அங்கே கவனம் முழுதாக இருக்கும். ஆனால் எளிதான இடத்திலும் விழுவதுண்டு. சோலோ ஏறுபவரான டெரெக் ஹெர்சி 1993இல் யோசெமிட்டியின் சென்டினல் பாறையில் இறந்தபோது ஏறிக்கொண்டிருந்தது அவருடைய திறமைக்கு மிகவும் கீழான பாதை. ஜான் பாக்கர் பல பத்தாண்டுகள் சோலோ ஏறியவர். 2009இல் 52 வயதில், தான் வசித்த ஊருக்கு அருகிலிருந்த பாறையிலேயே விழுந்து இறந்தார்.

ஏறுபவரின் திறமைக்குக் கட்டுப்படாத காரணங்கள் பல உண்டு. பிடி உடையும். சந்தேகமான பிடியை முதலில் விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடம் போல ஒலித்தால் அது தாய்ப்பாறையோடு ஒட்டியில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி மட்டுமே எடை கொடுக்கலாம். மழை நின்றதும் மணற்பாறை மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அதன் துகள்களைப் பிணைக்கும் பொருள் வலுவிழந்திருக்கும். ஓரிரண்டு நாளாவது அதைத் தொடக் கூடாது. ஈரப் புல்லில் நடந்துவந்த ஷூவின் அடியைத் துடைக்காமல் சரிவுப் பாறையில் வைத்தால், ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வழுக்கும். வெயிலில் விரல் வியர்க்கும். சாக் பவுடர் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

உடலும் கைவிடும். பயம் வந்ததும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்போம். முன்கைத் தசை இறுகி, தன் ரத்தக் குழாய்களையே நெரித்துக்கொள்ளும். முன்கை கல்லாகி, விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும். கயிறு இருந்தால் கீழே கயிறு பிடிப்பவரிடம் 'பிடி' என்று கத்திவிட்டுத் தொங்கி இளைப்பாறலாம். இல்லையென்றால் முழங்கையை நீட்டி எலும்பில் எடையை ஏற்றி, கைகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு உதறுவதுதான் வழி. அதற்கும் இரண்டு நல்ல கால்பிடி வேண்டும். கால் படபடவென்று ஆடத் தொடங்கினால் குதிகாலைத் தாழ்த்த வேண்டும். தசை தளர்ந்து நடுக்கம் அடங்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் விழாமல் இருக்க 99.9 சதவீத வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் முறை ஏறினால், ஒருமுறைகூட விழாமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம்தான். சோலோ ஒரு பழக்கமாகும்போது நம்மை விழுங்குவது இந்தக் கணக்குதான்.

ஆஸ்திரியப் பாறையேற்ற வீரர் பவுல் பிராய்ஸ் 1911இல் ஏறுபவர்களுக்குச் சில கொள்கைகளை வகுத்தார். ஏற முடிந்த இடத்தில் இறங்கவும் முடிய வேண்டும் என்பது அவற்றின் சாரம். 1913இல் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார்; வயது 27. ஆனாலும் அந்தக் கொள்கை இன்றுவரை சரி. இறங்கும்போது கால்பிடி கண்ணுக்குத் தெரியாது, இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளிக் குனிந்து பார்க்க வேண்டும், எடை முழுதும் கையில் விழும். ஆகவே ஏறுவதைவிட இறங்குவது பெரும்பாலும் கடினம். ஆசை விடவில்லை என்பவர் முதலில் அதே பாதையைக் கயிற்றில் முழுதாக ஏறி, முழுதாக இறங்கிக் காட்டட்டும், களைத்த நாளிலும். எங்கேனும் ஒருமுறை கயிற்றில் எடை விழுந்தால் அந்தப் பாதை அவருக்கு இல்லை.

ஏறாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் கயிறில்லாமல் ஏறுவதைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கைதட்டாதீர்கள், படம் எடுக்கிறேன் என்று அவர் பார்வையில் போய் நிற்காதீர்கள். அவருக்கு நேர் கீழே நிற்கவே வேண்டாம். நீங்கள் அதே பாதையில் கயிற்றோடு இருந்து, அவர் கீழிருந்து வந்தால், நல்ல நிற்குமிடம் கிடைத்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கி, கயிற்றை அவர் கைகால் படாத பக்கம் இழுத்து வைத்து, வழிவிடுங்கள்.