மருத்துவ உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு: முதல் ஆண்டிலேயே கேட்டு முடிக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் மருத்துவ உளவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் மாணவர்களுக்கும், அந்த ஆய்வில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், பிள்ளையின் படிப்பு ஏன் இன்னும் முடியவில்லை என்று ஓசூரிலோ சேலத்திலோ இருந்தபடி கவலைப்படும் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்துவரும் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். யாரிடம், எந்த அனுமதியை, எப்போது கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரியாமலேயே நல்ல மாணவர்கள் பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கரைந்துபோகின்றன. அப்படிக் கரையும் காலத்தை மீட்க வழி உண்டு. அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

இந்தத் துறைக்கும் இந்த நகரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1954-இல் இங்கே அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டே மருத்துவ உளவியலில் பயிற்சியும் தொடங்கியது. 1974-இல் அந்த நிறுவனமும் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் ஒன்றிணைந்து நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் ஆயின. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து இரவுப் பேருந்து ஏறி வரும் குடும்பங்களால் ஓசூர் சாலையில் உள்ள அந்த வளாகத்தின் புறநோயாளிகள் பிரிவில் கன்னடத்துக்கு இணையாகத் தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தமிழ் பேசும் ஆய்வு மாணவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அதோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது; அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், சேருவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உளவியலில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டாலே ஒருவர் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுக்கும்போது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதியையும் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியையும் கேட்கிறது. ஆய்வுப் பட்டம் வேறு, அந்தக் கவுன்சிலில் செய்துகொள்ளும் தொழில் பதிவு வேறு. இதுவரை அந்தப் பதிவுக்கு வழக்கமான வழியாக இருந்த இரண்டு ஆண்டு எம்.ஃபில். படிப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குவிதிகளால் பொதுவாக நிறுத்தப்பட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் விலக்களித்து 2025-26 கல்வியாண்டு வரை தொடர அனுமதித்தார்கள். ஆகவே இப்போது சேருகிறவர்கள், தாம் சேரும் படிப்பு பதிவுக்கு வழிவகுக்குமா என்பதைக் கல்லூரியின் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், மறுவாழ்வு கவுன்சில் வெளியிட்டிருக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பட்டம் கையில் வந்த பிறகு, பதிவு கிடையாது என்று தெரிந்துகொள்வது மிகுந்த வேதனை தரும்.

அடுத்தது காலக்கணக்கு. அதே 2022 ஒழுங்குவிதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பு உண்டு. பெண் ஆய்வாளர்கள் ஆய்வுக் காலம் முழுவதிலுமாகச் சேர்த்து 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்பும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் எடுத்துக்கொள்ளலாம். கருவுற்றதை நெறியாளரிடம் சொல்லத் தயங்கி, மருத்துவமனைப் பணியையும் தரவு சேகரிப்பையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போன மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். விடுப்பு விதியிலேயே இருக்கிறது, எழுத்தில் கேளுங்கள். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ வெளியூர் போக நேரும் பெண் ஆய்வாளர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தமது ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய மாணவரை ஏற்க முடியாது, பேராசிரியர் ஒருவரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேர் என்பதே உச்சவரம்பு. நிம்ஹான்ஸ் போன்ற தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்களுக்குத் தமக்கெனத் தனி விதிகளும் உண்டு என்பதால், உங்கள் நிறுவனத்தின் ஆய்வு விதிநூலைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே வாங்கி முழுவதும் படித்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியத் தகுதித் தேர்வின் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்; இரண்டு ஆண்டுக்குப் பின் முதுநிலையாக உயர்ந்தால் 42,000 ரூபாய்; வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் 5 ஆண்டுதான். ஆய்வுக்கு 6 ஆண்டு அனுமதி இருந்தாலும் ஆறாம் ஆண்டில் கையில் பணம் வராது என்பதை இன்றே கணக்கில் வையுங்கள். பெங்களூரில் அறை வாடகை என்ன நிலையில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த உதவித்தொகை தவிர, பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைகளும், வீட்டுக்கு ஒரே மகளாக இருப்பவர்களுக்கான சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகையும், இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சிலின் உதவித்தொகையும் இருக்கின்றன. உதவித்தொகைக்கு மாதந்தோறும் நிறுவனம் உறுதிப்படுத்தல் அனுப்ப வேண்டியிருக்கும். அது தவறினால் பணம் தேங்கிவிடும் என்பதால், அந்த வேலையைச் செய்யும் அலுவலகப் பணியாளர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். மருத்துவ உளவியலில் ஆய்வுக்கு ஆட்பட வருகிறவர்கள் துன்பத்தில் இருப்பவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலின்படி, நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுடைய ஒப்புதல் கைக்கு வந்த பிறகே முதல் நபரைச் சந்திக்க வேண்டும். தரவு சேகரித்துவிட்டுப் பின்தேதியிட்டு ஒப்புதல் பெற முடியாது. ஒரு சிகிச்சை முறையின் பலனைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், அதை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அந்தப் பதிவேடு முன்பதிவை மட்டுமே ஏற்கிறது. மாத்திரை கொடுக்காமல் பேச்சு வழியாக அளிக்கும் சிகிச்சைக்கும் இது பொருந்தும் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒப்புதல் படிவம் எப்படிக் கையெழுத்தாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தருமபுரிப் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாய், மஞ்சள் பையில் பழைய சீட்டுகளும் கையில் டோக்கனுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு மாணவி வந்து தமிழில் பேசியதும் அவருக்கு உயிர் வந்ததுபோல் ஆகிவிடுகிறது. டாக்டரம்மா என்று அழைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறார். படிவத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கையெழுத்துப் போட்டால் மகனைச் சீக்கிரம் உள்ளே கூப்பிடுவார்கள் என்று நம்புகிறார். அந்தக் கையெழுத்துக்குச் சட்டப்படி மதிப்பு இருக்கலாம், நெறிப்படி இல்லை. நான் மாணவி, இன்று உங்கள் மகனுக்குச் சிகிச்சை தரப்போவது நான் இல்லை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் டோக்கன் எண் அப்படியே இருக்கும், டாக்டர் வழக்கம்போலவே பார்ப்பார் என்ற நான்கு செய்திகளையும் அவர் வீட்டில் பேசும் தமிழில் சொல்லி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்ட பிறகே படிவத்தை நீட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். விவரத்தாளின் ஒரு பிரதி அவரோடு போக வேண்டும். தமிழ் தெரிந்த மாணவரின் பொறுப்பு என்று நான் முன்பு சொன்னது இதுதான். நம் மொழி கேட்டதும் பிறக்கும் நம்பிக்கையை நம் எண்ணிக்கையை நிரப்பப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

ஒப்புதல் தரும் நிலையில் நோயாளி இல்லையென்றால் குடும்பத்தார் கையெழுத்து மட்டும் போதாது. நோயாளிக்கு ஏதேனும் சிகிச்சை முறையை அளித்துப் பார்க்கும் ஆய்வானால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு மாநில மனநல ஆணையத்தின் அனுமதியையும் கேட்கிறது. குழந்தைகளானால் பெற்றோரின் ஒப்புதலோடு, 7 வயது முதல் அந்தக் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும். இத்தகைய பிரிவினரிடம் ஆய்வு செய்ய நினைப்பவர்கள் இதற்கான மாதங்களைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.

வினாப்பட்டியல் நிரப்பும் வேலையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மனச்சோர்வை அளக்கப் பலரும் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற வினாப்பட்டியலின் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. நாற்பது தாள்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அறைக்குப் போய் இரவில் கணினியில் ஏற்றும்போது, ஒருவர் அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய தினமும் என்று குறித்திருப்பதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? அந்த நேரத்தில் அவர் ஊர் திரும்பும் பேருந்தில் இருப்பார். ஆகவே தாளை வாங்கிய கையோடு, அவர் எழுந்து போவதற்கு முன், ஒன்பதாம் கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். அன்று பணியில் இருக்கும் மனநல மருத்துவர் யார், அவரிடம் அழைத்துப் போவது யார், உடன் வந்தவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நெறிமுறைக் குழுவுக்கு அளிக்கும் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை, பி.எச்.க்யூ-9 போன்ற சில இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்கு உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதி தேவை. சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் ஜெராக்ஸ் பிரதி அனுமதி ஆகாது. பதில் வர மாதங்கள் ஆகும் என்பதால் பாடநெறி நடக்கும்போதே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தமிழாக்கம் இல்லாத கருவியானால், மொழிபெயர்த்து, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, வல்லுநர்களிடம் காட்டி, சிலரிடம் முன்னோட்டம் பார்க்க வேண்டும். பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழரும் திருப்பத்தூர் விவசாயியும் ஒரே வாக்கியத்தை ஒன்றுபோலப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கும் வசதி இந்த நகரத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள தாளை ஓரிடத்திலும், குறியீட்டு எண் மட்டும் உள்ள தரவை வேறிடத்திலும் வைத்திருங்கள். நோயாளியின் கோப்பைக் கைபேசியில் படமெடுத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு விளக்கம் கேட்கும் பழக்கம் கல்விக்காகவே நடக்கிறது என்றாலும், அதை உடனே நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

ஆய்விதழ்கள் கிடைக்கவில்லை என்ற பழைய குறை ஓரளவு தீர்ந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் நிறுவன மாணவர்கள் தங்கள் நூலகரிடம் மாற்று வழி கேட்க வேண்டும். உங்கள் தலைப்பில் முன்பு என்ன நடந்திருக்கிறது என்பதை சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடுகளில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். புள்ளியியலுக்கு ஆர் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் புள்ளியியலாளரைத் தரவு சேகரிப்பதற்கு முன்பே பாருங்கள்.

மாணவரின் மனநலம் பற்றியும் பேச வேண்டும். நாள் முழுதும் பிறர் துயரைக் கேட்கிறவருக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். ஆனால் இந்தத் துறை மாணவர் உதவி தேடிப் போகும் இடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தமது ஆசிரியராகவோ நாளைய தேர்வாளராகவோ இருப்பார். இதனால் பலர் வாய் திறப்பதே இல்லை. துறைக்கு வெளியே, மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத ஆலோசகர் ஒருவரை மாணவர்களுக்காக ஏற்பாடு செய்வது ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை என்பது என் உறுதியான கருத்து. அது அமையும் வரை, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நெறியாளரோடு பிணக்கு முற்றினால், மானியக் குழுவின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழுவும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகாருக்கு உள்ளகக் குழு தனியாக இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் குறிப்புகளைத் தேதியோடு கோப்பில் வைத்திருப்பவருக்கு இவ்விடங்களில் பேசுவது எளிது.

ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது அது பொதுவெளிக்குப் போகிறது என்பதால், நோயாளியின் ஊர், தொழில், குடும்ப விவரம் ஆகியவற்றால் அவர் அடையாளம் தெரிந்துவிடாதபடி மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அத்தோடு, கண்டறிந்தவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு பக்க அளவில் எளிமையாக எழுதி, ஆய்வில் பங்கேற்றவர்கள் அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது எடுத்துப்போகும்படி புறநோயாளிகள் பிரிவில் வைக்க நெறியாளரிடம் அனுமதி கேளுங்கள். நன்றி, வணக்கம்.