மூத்திரப்பையில போடாக்ஸ் ஊசி: டியூபோடயே இருக்கணுமா?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "அடிக்கடி அவசரமா யூரின் வருது, பாத்ரூம் போறதுக்குள்ள கசிஞ்சிடுது. ரெண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் கேக்கலை. இப்ப மூத்திரப்பையில போடாக்ஸ் போடலாம்ங்கறாங்க. அது விஷம்தானே டாக்டர்? காலம் பூரா டியூபோட இருக்கணுமா?"

அம்மா, விஷம்னு நீங்க கேள்விப்பட்டது சரிதான். ஒரு பாக்டீரியா உண்டாக்குற நச்சுதான் அது. ஆனா சுத்தம் பண்ணி, அளந்து, 100 யூனிட்தான் போடறோம். மூத்திரப்பைத் தசையைச் சுருங்கச் சொல்ற அசிடைல்கோலின்ங்கற ரசாயனம் நரம்பு நுனியில இருந்து வெளிய வராம அது தடுக்குது. அதனால பை அவசரப்படாம நிரம்பும்.

முதல்ல யூரின் டெஸ்ட். இன்ஃபெக்‌ஷன் இருந்தா அதைக் குணப்படுத்தாம ஊசி கிடையாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க. வயித்துல குத்த மாட்டாங்க. மரத்துப்போற மருந்து விட்டு, யூரின் போற வழியாவே கேமரா குழாயை நுழைச்சு, சுமார் 20 இடத்துல அரை அரை மில்லி போடுவாங்க. சுருக் சுருக்குனு இருக்கும். ஒண்ணு ரெண்டு நாள் எரிச்சலோ, லேசா ரத்தமோ வரலாம்.

டியூபைப் பத்தி நீங்க கேட்டதுதான் முக்கியமான கேள்வி. சுமார் 100 பேர்ல 6 பேருக்குத் தசை அளவுக்கு மேல தளர்ந்து, யூரின் முழுசா வெளியேறாம தங்கிடும். அவங்க தினம் சில தடவை ஒரு மெல்லிய டியூபைத் தானே விட்டு, யூரின் வடிஞ்சதும் எடுத்துடணும். யூரின் பிடிக்கற பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டுத் திரிய வேண்டியதில்லை. மருந்தோட வீரியம் குறையக் குறைய இதுவும் சரியாயிடும். அந்த டியூபை நான் ஊசிக்கு முன்னாடியே பேஷன்ட் கையில குடுத்துடுவேன். தொட்டுப் பார்த்தா பாதி பயம் போயிடுது. "என்னால முடியவே முடியாது"ன்னா ஊசியைத் தவிர்க்கறதுதான் நல்லது, வேற சிகிச்சை இருக்கு.

பலன் பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள தெரியும், ஆறு மாசம் வாக்குல நிக்கும். அப்புறம் திரும்பப் போடணும். ஆனா 3 மாசத்துக்குள்ள கூடாது. முகச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் போட்டிருந்தாலோ, மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன நோய் இருந்தாலோ மறைக்காதீங்க.

போட்டு ரெண்டு வாரத்துல ஸ்கேன் பண்ணி, எவ்வளவு யூரின் தங்குதுன்னு பாப்பாங்க. அதுக்கு முன்னாடியே யூரின் அடைச்சுக்கிட்டாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.