முடியாது என்ற காட்சியை எடுத்துக் காட்டியவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நாவலைப் படமாக்க முதலில் வேண்டியது மாற்றும் துணிவா, மூலத்துக்கு நேர்மையா?" இதுதான் தலைப்பு. நேர்மையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியினர் சொன்னது என்ன? சில பக்கங்களைக் கேமராவால் தொடவே முடியாது, அங்கே ஈடாக வேறொரு காட்சியை எழுதித்தான் ஆகவேண்டும் என்றார்கள். பிரெஞ்சு சினிமாவில் இதற்கு ஒரே நாவலை வைத்துப் பரீட்சையே நடந்திருக்கிறது.

ஜார்ஜ் பெர்னானோஸ் 1936-ல் வெளியிட்ட 'ஒரு கிராமத்துப் பங்குச் சாமியாரின் நாட்குறிப்பு'. அதில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் கூண்டில், பிரபுவின் மகள் சாந்தால் தன் வெறுப்பையெல்லாம் கொட்டுகிறாள். திரைக்கதை எழுத வந்த ழான் ஒராஞ்ச் இதைப் படமாக்க இயலாது என்று முடிவுகட்டி, அவள் நற்கருணையை, பூசையில் கிறிஸ்துவின் உடலாகத் தரும் அப்பத்தை, துப்பியதாக ஒன்றைப் புதிதாக எழுதினார். நாவலின் கடைசிச் சொல் "எல்லாம் அருளே." அந்தத் திரைக்கதையின் கடைசிச் சொல் "செத்தால் எல்லாம் செத்தது." இதற்குப் பெயர் ஈடா, நடுவர் அவர்களே? பெர்னானோஸ் ஏற்க மறுத்துவிட்டார். 1954-ல் பிரெஞ்சு சினிமா விமர்சகர் த்ரூஃபோ இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார்.

இடையில் 1951-ல் ராபர்ட் பிரெஸ்ஸோன் அதே நாவலைப் படமாக்கினார். 'முடியாத' அந்தக் காட்சியையும் எடுத்தார். எப்படி? சுற்றிலும் இருட்டு, நடுவில் சாந்தாலின் வெளுத்த முகம் மட்டும். "அந்தக் கடிதத்தைக் கொடு" என்கிறார் சாமியார். கடிதம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிட்டு, எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். ஒரு முகம், ஒரு குரல், ஒரு காகிதம். வேறென்ன தேவைப்பட்டது?

பிரெஸ்ஸோனும் வெட்டினாரே என்பார்கள். வெட்டினார், நிறையவே வெட்டினார். பிரபு வேட்டையிலிருந்து கொண்டுவரும் முயல்களைச் சேறும் ரோமமும் ரத்தமுமாக நாவல் காட்டும். கேமராவுக்கென்றே எழுதியது போன்ற அந்த இடம் படத்தில் இல்லை. ஆனால் வெட்டிய இடத்தில் தன் சரக்கை வைத்து நிரப்பவில்லை. மிஞ்சிய வசனங்கள் பெர்னானோஸுடையவை. வெட்டுவது வேறு, மாற்றி வைப்பது வேறு. எதிரணி இரண்டையும் குழப்புகிறது.

நாட்குறிப்பை வாசிக்கும் சாமியாரின் குரல் சொன்னதையே படம் திரும்பக் காட்டுகிறது, அலுப்பு என்றும் ஒரு குறை. பேனா எழுதுகிறது, குரல் வாசிக்கிறது, பிறகு காட்சி நடக்கிறது. என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்துவிடுவதால் நம் கண் சம்பவத்தைத் தேடுவதில்லை, சாமியாராக நடித்த குளோது லெய்தூவின் முகத்துக்குப் போகிறது. ரொட்டியும் மதுவும் தவிர எதுவும் தங்காத, புற்றுநோய் அரித்த வயிற்றோடு அலையும் ஒருவரின் முகம். நாட்குறிப்பு நாவலில் வாசகன் நிற்கும் இடமும் அதுதானே!

கடைசியில் சாமியாரின் சாவைப் படம் காட்டுவதில்லை. நண்பர் எழுதிய கடிதத்தை ஒரு குரல் வாசிக்கிறது. திரையில் வெறும் சிலுவை நிழல், அசைவே இல்லை. 'எல்லாம் அருளே' என்ற சொல் வந்ததும் படம் முடிகிறது. பெர்னானோஸ் முடித்த அதே இடத்தில்.

நன்றி, வணக்கம்.