மிச்சம் அரை சதவீதம் என்ன சார்?

சரி, இந்தக் கேள்வியை விட மனசில்லை. மருந்துக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கும் தம்பி கேட்கிறார்: "சர்டிபிகேட்டில் மருந்தின் தூய்மை 99.5 சதவீதம் என்று இருக்கிறது. மிச்சம் அரை சதவீதம் விஷமா சார்?"

பெரும்பாலும் இல்லை தம்பி. மருந்து செய்யும் வேதிவினையில் மிஞ்சிய மூலப்பொருள், பக்கவிளைபொருள், ஆவியாகாமல் தங்கிய கரைப்பான், வினையூக்கியிலிருந்து வந்த பல்லேடியம் உலோகம் எல்லாம் அதில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. சில, டப்பாவுக்குள் போன பிறகு பிறக்கும். ஈரம் பட்ட ஆஸ்பிரினில் வினிகர் வாடை வருமே, அது மாத்திரை உடைந்து வந்த அசிட்டிக் அமிலம்.

ஆனால் நான் எப்போதும் சொல்வதுதான்: எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள், எங்கே பிறந்தது என்று கேளுங்கள். 2018-ல் வால்சார்டன் என்ற பிரஷர் மாத்திரையில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் வகை மாசு சிக்கியது. அதற்கு வரம்பு ஒரு நாளைக்கு 96 நானோகிராம். 320 மில்லிகிராம் மருந்தில் அது பத்து லட்சத்தில் 0.3 பங்கு! 99.99 சதவீதம் தூய மருந்துகூட இதில் தோற்கலாம்.

எங்கே பிறந்தது? சீனத் தொழிற்சாலை ஒன்று தயாரிப்பு முறையை மாற்றியிருந்தது. வினையில் மிஞ்சிய அசைடு என்ற வேதிப்பொருள் ஆபத்தானது என்று அதை அழிக்க சோடியம் நைட்ரைட் போட்டார்கள். டி.எம்.எஃப். என்ற கரைப்பானிலோ கொஞ்சம் டைமெத்தில் அமீன் என்ற பொருள் இருந்தது. அமிலத்தில் நைட்ரைட்டும் அமீனும் சந்தித்தன, என்.டி.எம்.ஏ. பிறந்தது, கதை முடிந்தது. வழக்கமான சோதனை, கூட்டத்தில் தெரிந்த முகத்தை மட்டும் தேடுகிற மாதிரி. எதிர்பார்த்த மாசுகளைத்தான் பார்த்தது. "டெஸ்டில் ஏன் சிக்கவில்லை?" என்று தம்பி கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் மாத்திரை வேறு கதை. அந்த மூலக்கூறே சூட்டிலும் நாள்பட்டும் சிதைந்து என்.டி.எம்.ஏ. தரும். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் பயனில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது.

அப்புறம், இதைக் கேட்டுவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து கைக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள் என்றுதான் அன்றைக்கு எஃப்.டி.ஏ.வும் சொன்னது. அந்த 96 நானோகிராம், 70 வருஷம் தினமும் உள்ளே போனால் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்று போட்ட கணக்கு. பிரஷர் அவ்வளவு நாள் காத்திருக்காது.